ஓடினால்தான் வண்டி



ஆசிரியர்களும், மாணவர்களும், பட்டறை நண்பர்களும் கூடிய இந்தக் கல்லூரி அரங்கில், பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டியை மீட்டெடுப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும்படி பேசப் போனால் எந்த வண்டிக்கும் உதவாமல் போய்விடும். ஆகவே ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன்: ஹோண்டா சிஆர்250எம், 1973ஆம் ஆண்டு மாடல். எல்சினோர் என்ற பெயரால் உலகம் அறிந்த வண்டி. நம் ஊர்ச் சாலைகளுக்காகச் செய்ததல்ல. கலிஃபோர்னியாவின் மண்மேடுகளை மனத்தில் வைத்து ஜப்பானில் செய்தது. ஆனால் அதன் என்ஜினைப் பிரித்து மேசைமேல் பரப்பினால், ஆர்எக்ஸ்100 பிரித்துப் பழகிய கைக்கு அந்நியமான பொருள் அதில் அதிகம் இராது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீட்டெடுத்த வண்டி ஓட வேண்டும். அதைச் செய்தவர்கள் எப்படி ஓட வேண்டும் என்று நினைத்தார்களோ அப்படி ஓட வேண்டும். பெயின்ட் மின்னுகிறது, குரோமில் முகம் தெரிகிறது, உதைத்தால் மட்டும் உயிர் வரவில்லை என்றால், அந்த வண்டி இன்னும் மீளவில்லை என்றே நான் சொல்வேன். ஓட வைப்பதற்கு வேண்டியது பளபளப்பைவிட அளவு. இன்று நான் பேசப்போவதில் பெரும்பகுதி அளவைப் பற்றித்தான்.

அதற்கு முன், இந்த வண்டி எதற்காகப் பிறந்தது என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் ஸ்பேனரைத் தொட்டால் எதைக் காப்பாற்ற வேண்டும், எதை மாற்றலாம் என்ற முடிவை எடுக்க முடியாது.

மண்மேடுகளில் ஓட்டும் மோட்டோகிராஸ் பந்தயத்துக்கு உலக சாம்பியன்ஷிப் என்று ஒன்று 500சிசி பிரிவில் 1957இல் வந்தது. 250சிசி பிரிவுக்கு 1962இல். தொடக்கக் காலத்தில் பெரிய பிரிவு முழுவதும் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளின் கையில் இருந்தது. 1964இலும் 1965இலும் ஜெஃப் ஸ்மித் பிஎஸ்ஏ வண்டியில் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டே காற்று திசை மாறியது. கிழக்கு ஜெர்மனியின் பால் ஃப்ரீட்ரிக்ஸ், செக்கோஸ்லோவாக்கியாவின் சிஇசட் டூ-ஸ்ட்ரோக் வண்டியில் 1966, 1967, 1968 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 500சிசி பட்டத்தை எடுத்துக்கொண்டார். சிஇசட்டும் ஜாவாவும் அந்த நாட்டின் ஒரே தொழில்துறைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஜாவா நம் பக்கத்து மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் உருவாகி, பின்னர் எஸ்டி என்ற பெயரில் நம் தெருக்களில் ஓடியது. ஆகவே இந்தப் பரம்பரை நமக்குத் தூரத்துச் சொந்தமும் ஆகும்.

டூ-ஸ்ட்ரோக் ஏன் ஜெயித்தது? எடை குறைவு, பாகங்கள் குறைவு, கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் ஒருமுறை வெடிப்பு. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். இவை பழைய காலத்திலிருந்தே தெரிந்த விஷயங்கள். ஆனாலும் 1950கள் வரை டூ-ஸ்ட்ரோக் பந்தயத்தில் இரண்டாம் இடத்துப் பிள்ளையாகவே இருந்தது. காரணம், உள்ளே வந்த புதுக் கலவையில் ஒரு பங்கு எரியாமலேயே எக்ஸாஸ்ட் வழியாக வெளியே ஓடிவிடும். அந்தக் கதவை மூட அங்கே வால்வு கிடையாது. கதவில்லாத இடத்தில் ஒலி அலையையே கதவாக நிறுத்தும் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்துப் பொறியாளர் வால்டர் காடன். வயிறு பெருத்துப் பின் குறுகும் அந்த எக்ஸாஸ்ட் குழாயைப் பார்த்திருப்பீர்கள். கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் குரல் திரும்பி வருகிறதல்லவா, அதுபோல எக்ஸாஸ்ட் திறந்தவுடன் கிளம்பும் அழுத்த அலை குழாயின் குறுகும் முனையில் மோதித் திரும்பி வருகிறது. வரும் வழியில், வெளியே தப்பிய புதுக் கலவையைப் பிடித்துச் சிலிண்டருக்குள் திரும்பத் தள்ளிவிடுகிறது. சரியாக அந்த நொடியில் பிஸ்டன் போர்ட்டை மூடுகிறது. குழாயின் நீளம் மாறினால் அலை வந்து சேரும் நேரம் மாறும், அலை உதவும் வேகமும் மாறும். டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டதும் திடீரென்று சீறிப் பாய்வதன் காரணம் இதுதான்.

அந்த அறிவு ஜப்பானுக்குப் போன கதையை ஒரு நாவலாகவே எழுதலாம். எம்இசட்டின் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் ஸ்வீடன் பந்தயத்துக்குப் போனவர் நாடு திரும்பவில்லை. பெர்லின் சுவர் எழுந்த அதே ஆண்டு. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் காரில் மறைத்து ரகசியமாக மேற்கு ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். காடனின் அறிவோடு சுஸுகியில் சேர்ந்த டெக்னர், அடுத்த ஆண்டு அதன் 50சிசி வண்டியில் உலகப் பட்டம் வென்றார். எட்டு ஆண்டு கழித்து, 1970இல், பெல்ஜியத்தின் ஜோயல் ரோபர்ட் சுஸுகியில் 250சிசி மோட்டோகிராஸ் பட்டம் வென்றபோது, ஜப்பானிய வண்டி ஒன்று இந்த விளையாட்டின் உலகச் சிகரத்தை முதன்முதலாகத் தொட்டது. காடன் தம் நாட்டிலேயே, சிறிய நிறுவனத்திலேயே இருந்து வேலை செய்தார். பந்தய உலகம் அவருக்குப் பட்ட கடன் பெரிது. இன்று இந்த அரங்கில் அவர் பெயரைச் சொல்ல முடிந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

இப்போது ஹோண்டாவுக்கு வருவோம். சோய்சிரோ ஹோண்டா ஃபோர்-ஸ்ட்ரோக்கின் பக்தர். அவருடைய நிறுவனத்தின் தொடக்க கால வண்டிகள் டூ-ஸ்ட்ரோக்தான். 1949இன் ட்ரீம் டி மாடல் 98சிசி டூ-ஸ்ட்ரோக். ஆனால் அதன்பின் அவர் அந்தப் பாதையை விட்டு விலகினார். ஐல் ஆஃப் மேன் பந்தயங்களிலும், ஆறு சிலிண்டர் 250சிசி வண்டியிலும் ஃபோர்-ஸ்ட்ரோக்கின் மேன்மையை நிலைநாட்டினார். ஆனால் மண்ணில் எடைதான் எதிரி. வேறு வழியில்லாமல், தம் விருப்பத்துக்கு எதிராக, தம் பொறியாளர்களை டூ-ஸ்ட்ரோக் செய்ய அனுமதித்தார். அந்த அனுமதியில் பிறந்த வண்டி எல்சினோர். பெயர் கலிஃபோர்னியாவின் லேக் எல்சினோர் ஊரில் நடந்த புகழ்பெற்ற பந்தயத்திலிருந்து வந்தது. 1971இல் வெளிவந்த புரூஸ் பிரவுனின் ஆவணப்படமும், அதில் வண்டி ஓட்டிய நடிகர் ஸ்டீவ் மெக்வீனும் அந்தப் பந்தயத்தை வீடுதோறும் தெரியவைத்திருந்தார்கள்.

சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 64.4 மில்லிமீட்டர். மாணவர்கள் கையோடு கணக்குப் போட்டால் 248சிசி வரும். காற்றில் குளிரும் ஒற்றைச் சிலிண்டர், பிஸ்டனே போர்ட்டுகளைத் திறந்து மூடும் எளிய அமைப்பு, ஐந்து கியர். குரோம்-மாலிப்டினம் எஃகுச் சட்டகம். வெள்ளி நிற அலுமினிய டேங்க், அதில் பச்சைக் கோடு. பிளாஸ்டிக் மட்கார்டு. என்ஜின் உறைகளில் மக்னீசியம். தொழிற்சாலைக் குழுக்கள் தங்கள் ஓட்டுநர்களுக்கு மட்டும் செய்துகொடுத்த இலகுத் தன்மையைக் கடையில் காசு கொடுத்து யாரும் வாங்கலாம் என்ற நிலையை இந்த வண்டி கொண்டுவந்தது. கேரி ஜோன்ஸ் 1973இல் இதில் அமெரிக்கத் தேசிய 250சிசி பட்டம் வென்றார்.

அதே 1973இல் இன்னொன்றும் நடந்தது. ஸ்வீடனின் ஹோகன் ஆண்டர்சன், ஒற்றை ஷாக் அப்சர்பர் பொருத்திய யமஹாவில் உலக 250சிசி பட்டம் வென்றார். அந்த ஒற்றை ஷாக் அமைப்பை வடிவமைத்தவர் பெல்ஜியத்தின் லூசியன் டில்கென்ஸ். ஓரிரு ஆண்டுகளில் மோட்டோகிராஸ் வண்டியின் பின்சக்கரம் இரட்டிப்பு உயரத்துக்கு ஏறி இறங்கத் தொடங்கியது. சுமார் 100 மில்லிமீட்டர் மட்டுமே பயணிக்கும் எல்சினோரின் பின்சக்கரம் உடனே பழைய காலத்ததாகிவிட்டது. பிறந்த ஆண்டிலேயே தன் முடிவையும் பார்த்த வண்டி அது. அதனால்தான் எனக்கு அதன்மேல் தனிப் பற்று. ஒரு காலகட்டத்தின் கடைசி முழுமையான வடிவம் அதில் இருக்கிறது.

சரி, வண்டி கைக்கு வந்துவிட்டது. ஏதோ ஒரு கொட்டகையில் பல ஆண்டுகள் கிடந்தது. முதல் நாளே உதைத்துப் பார்க்கக் கைகால் துறுதுறுக்கும். உதைக்காதீர்கள். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டரின் உள்ளே வார்ப்பிரும்பு லைனர். ஈரம் புகுந்தால் இரும்பு துருப்பிடித்து ரிங்கைக் கவ்விக்கொள்ளும். அந்த நிலையில் ஓங்கி உதைத்தால் உடைவது ரிங்காக இருக்கலாம், கிக்கர் பல்லாகவும் இருக்கலாம். பிளக்கைக் கழற்றி, துரு இளக்கும் எண்ணெயை உள்ளே ஊற்றி, நாள்கணக்கில் ஊறவிடுங்கள். பொறுமைதான் இங்கே கருவி.

பிரிக்கும்போது இன்னொரு எச்சரிக்கை. ஜப்பானிய வண்டியின் நட்சத்திரத் தலை ஸ்குரூக்கள் பார்ப்பதற்கு நம் கடையில் கிடைக்கும் பிலிப்ஸ் ஸ்குரூபோல இருக்கும். ஆனால் அவை ஜப்பானியத் தரத்தில் வெட்டியவை. பிலிப்ஸ் டிரைவர் அவற்றின் அடிவரை இறங்காது. சுழன்று தலையைத் தின்றுவிடும். பட்டறைகளில் மக்னீசிய உறையின் ஸ்குரூத் தலைகள் எல்லாம் வழுக்கிப் போய், உளியால் அடித்த தழும்போடு இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சரியான முனையும் இம்பாக்ட் டிரைவரும் வாங்கிக்கொள்ளுங்கள். மேக்னட்டைக் கழற்ற அதற்கென்று உள்ள புல்லரைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். சுத்தியலால் தட்டிக் கழற்றினால் கிராங்கின் முனையும் நேர் தவறிப் போகும்.

பிஸ்டன் வெளியே வந்ததும் அதைக் கழுவ வேண்டாம். முதலில் படியுங்கள். அந்த என்ஜினின் கடைசி நாட்கள் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. எக்ஸாஸ்ட் பக்கத்தில் மட்டும் தேய்ந்து, அலுமினியம் சிலிண்டரில் இழுவிப்போயிருந்தால், பெட்ரோல் போதாமல் சூடேறியிருக்கிறது. நான்கு மூலைகளிலும் ஒரே மாதிரி கோடு விழுந்திருந்தால், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி போதவில்லை, அல்லது குளிர்ந்த என்ஜினை ஓட்டுநர் உடனே முறுக்கியிருக்கிறார். உள்ளிழுக்கும் பக்கத்தில் மணல் உரசியதுபோல் மங்கிக் கிடந்தால், ஏர் ஃபில்டரை யாரோ கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். மோட்டோகிராஸ் வண்டிகளில் இந்த மூன்றாவது நோய் மிகச் சாதாரணம். பிஸ்டன் தலையின் மேற்பக்கம் கருகியிருப்பதையும் அடிப்பக்கம் கருகியிருப்பதையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இந்தப் படிப்பு முடியும் முன் பிஸ்டனைத் தேய்த்துத் துடைப்பவர், நோயாளி வாய் திறக்கும் முன்பே மருந்து எழுதுகிறவர்.

அடுத்தது சிலிண்டர். போர் கேஜால் மேல், நடு, கீழ் என்று மூன்று உயரங்களில், ஒவ்வொரு உயரத்திலும் முன்பின், இடவலம் என்று இரண்டு திசைகளில் அளக்க வேண்டும். ஆக ஆறு அளவுகள். மேலிருந்து கீழாகச் சாய்ந்திருக்கிறதா, வட்டம் நீள்வட்டமாகிவிட்டதா என்பதை இந்த ஆறும் சொல்லிவிடும். எல்சினோரில் வார்ப்பிரும்பு லைனர் இருப்பது நம் பாக்கியம், ரீபோர் செய்யலாம். பிற்காலத்து வண்டிகளில் வந்த பூச்சுச் சிலிண்டர்கள் இப்படி இடம் கொடுப்பதில்லை. ஆனால் ஒரு வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்க வேண்டும், அதை அளக்க வேண்டும், அதற்கேற்ற இடைவெளி வைத்துப் பிறகுதான் போர் செய்ய வேண்டும். பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணை நம்பிச் சிலிண்டரை லேத்துக்கு அனுப்பக் கூடாது. இப்படிப்பட்ட காற்றில் குளிரும் 250சிசி என்ஜினில் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகள்தான். வார்ப்புப் பிஸ்டனுக்கு ஓர் அளவு, அடித்து உருவாக்கிய பிஸ்டனுக்குச் சற்றுக் கூடுதல். பிஸ்டன் செய்தவர் தரும் அளவே சட்டம். விட்டத்தை 71 மில்லிமீட்டர் வரை கொண்டுபோனால் என்ஜின் 255சிசி ஆகிறது. அதற்குமேல் லைனரின் கனம் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தே நகர வேண்டும்.

போர் முடிந்து சிலிண்டர் வந்ததும் போர்ட்டுகளின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். கத்திபோல இருந்தால் அங்கே ரிங் மாட்டி உடையும். ஒவ்வொரு விளிம்பையும் இலேசாகச் சாய்த்து மழுக்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக் பிஸ்டனில் ரிங் சுழலாதபடி சிறு முளை ஒன்று இருக்கும். ரிங்கின் வாய் போர்ட்டுக்கு நேரே வந்து வெளியே துருத்திக்கொள்ளாமல் காப்பது அந்த முளைதான். மாட்டும்போது ரிங்கின் வாய் முளையில் உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் உறுதி செய்யுங்கள்.

கிராங்குக்கு வருவோம். என் கணிப்பில் வேலையின் பாதி இங்கே இருக்கிறது. மீட்டெடுப்பவர்களில் பெரும்பாலோர் தவிர்க்கும் பாதியும் இதுதான். இது அழுத்திச் சேர்த்த கிராங்க். இரண்டு சக்கரங்கள், நடுவே ஒரு பின், அந்தப் பின்னில் ஊசி பேரிங், அதன்மேல் கான்ராட். கான்ராடை நேர்மேலே இழுத்தும் கீழே அழுத்தியும் பார்த்தால் துளிகூட ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் சிறிது நகரலாம், அதற்கு அளவு உண்டு. பல ஆண்டு கிடந்த வண்டியில் பிக் எண்ட் பேரிங்கில் துருப்புள்ளி இருப்பது கிட்டத்தட்ட நிச்சயம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஓடத் தொடங்கியபின் தெரிந்தால் காலம் கடந்துவிட்டது.

பிரஸ்ஸில் பிரித்து, புதிய ராடும் பின்னும் பேரிங்கும் போட்டு, திரும்ப அழுத்தி, மையங்களுக்கிடையே வைத்து டயல் கேஜ் முள்ளைப் பார்த்துச் செம்புச் சுத்தியலால் தட்டி நேர் பார்ப்பது ஒரு பெரிய வித்தை. முள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்குக்குள் நின்றால் நல்ல கிராங்க். எங்கே தட்டுவது, எவ்வளவு தட்டுவது, சக்கரங்கள் விரிந்திருக்கின்றனவா முறுக்கியிருக்கின்றனவா என்பதை முள்ளின் ஆட்டத்திலிருந்தே கண்டுபிடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்த வேலை செய்யும் லேத் பட்டறைகள் ஊர்தோறும் இருந்தன. எஸ்டிக்கும், ஆர்எக்ஸ்100க்கும், ஓசூரிலிருந்து வந்த இண்ட்-சுஸுகிக்கும் நாள் முழுவதும் கிராங்க் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

அடுத்து சொல்லப்போவது சிறிய பொருள். ஆனால் டூ-ஸ்ட்ரோக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது: கிராங்க் ஆயில் சீல். இந்த என்ஜினில் பெட்ரோல் கலவை நேரே சிலிண்டருக்குப் போவதில்லை. முதலில் கிராங்க் அறைக்குள் இழுக்கப்பட்டு, அங்கே அழுத்தப்பட்டு, அதன்பிறகு மேலே ஏறுகிறது. ஆகவே கிராங்க் அறை காற்றுப் புகாததாக இருக்க வேண்டும். மேக்னட் பக்கத்துச் சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே நுழையும், கலவை மெலியும், என்ஜின் தானாகவே வேகம் ஏறி, சூடாகி, கடைசியில் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கத்துச் சீல் கசிந்தால் கியர் ஆயிலை உறிஞ்சிக் குடிக்கும். சைலன்சரில் புகை நிற்காது, கியர் பெட்டியில் ஆயில் குறைந்துகொண்டே போகும். புதிய பிஸ்டன் போட்டு வாரம் தாண்டாமல் சீஸ் ஆன என்ஜினைப் பார்த்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி, சீல் மாற்றினீர்களா என்பதுதான்.

மாற்றினால் போதாது, சோதிக்கவும் வேண்டும். உள்ளிழுக்கும் வாயையும் எக்ஸாஸ்ட் வாயையும் அடைத்து, கைப்பம்பால் சுமார் 6 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றிச் சில நிமிடம் முள்ளைப் பார்த்துக்கொண்டிருங்கள். முள் இறங்கினால் சோப்பு நீரைத் தடவி எங்கே குமிழி வருகிறது என்று தேடுங்கள். பேக்கிங்கில் வரலாம், சீலில் வரலாம், சில வேளை வார்ப்பிலேயே விரிசல் இருக்கலாம். செலவு மிகக் குறைந்த சோதனை இது. ஒரு பிஸ்டன் விலையை ஒவ்வொரு முறையும் மிச்சப்படுத்தும்.

மக்னீசியத்தைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு கண்டிப்பான சொல். அந்த உறைகளை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யாதீர்கள். மேலே இருக்கும் பாதுகாப்புப் பூச்சு போய், ஈரம் பட்ட இடமெல்லாம் வெள்ளைத் தூளாக அரிக்கும். அரைக்கும் சக்கரத்தில் வைக்கவும் கூடாது. மக்னீசியத் தூள் பற்றி எரியும். அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மூர்க்கமாக எரியும். அதேபோல அந்தக் காலத்துப் பிரேக் ஷூ லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்து வாயால் ஊதுவது நம் பட்டறைகளில் பழக்கம். அந்தப் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். ஈரத் துணியால் துடையுங்கள். அலுமினிய டேங்க்குக்கு இரும்பு டேங்க்கின் துரு எடுக்கும் அமிலத்தை ஊற்றினால் டேங்க்கையே அரித்துவிடும்.

சட்டகத்தைப் பெயின்ட் அடிக்கும் முன் ஸ்டியரிங் தலை, ஸ்விங் ஆர்ம் அச்சு, கால் வைக்கும் கட்டை பொருந்தும் இடம் ஆகிய மூன்றிலும் விரிசல் தேடுங்கள். குதித்துக் குதித்து விழுந்த வண்டி அது. சிவப்புச் சாயம் ஊடுருவும் சோதனை செய்தால் மயிரிழை விரிசலும் தெரிந்துவிடும். ஃபோர்க், ஸ்போக், ரிம் ஆகியவற்றை நேரம் கருதித் தாண்டிச் செல்கிறேன். அவை எல்லா வண்டிக்கும் பொது.

எக்ஸாஸ்ட் குழாயை மட்டும் தாண்ட முடியாது. சொன்னேனே, அது என்ஜினின் ஓர் உறுப்பு. உள்ளே கரி படிந்தால் குறுகும், வெளியே நசுங்கினால் அலை கலையும். கரியை எரித்து எடுக்கலாம், நசுங்கலை உள்ளிருந்து காற்றழுத்தமும் வெளியிலிருந்து சூடும் கொடுத்து நிமிர்த்தலாம். சத்தம் நன்றாக இருக்கிறது என்று வேறு வண்டியின் குழாயை மாட்டுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அந்த என்ஜினின் குணம் போய்விடும். மீட்டெடுப்பு என்ற சொல்லுக்கு அப்புறம் அங்கே இடமில்லை.

கலவைக்கு வருவோம். 1970களில் பெட்ரோலில் இருபதுக்கு ஒன்று ஆயில் கலப்பது வழக்கம். ஒரு லிட்டருக்கு 50 மில்லி. இன்றைய 2டி ஆயில் தரம் உயர்ந்தது. முப்பத்திரண்டுக்கு ஒன்று, அதாவது லிட்டருக்குச் சுமார் 31 மில்லி, பலரும் பயன்படுத்துகிறார்கள். இதில் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒன்று இருக்கிறது. ஆயிலைக் கூட்டினால் கார்புரேட்டர் ஜெட் வழியே போகும் பெட்ரோல் குறைகிறது. காற்றோடு ஒப்பிட்டால் கலவை மெலிகிறது. பயந்துபோய் ஆயிலை அள்ளி ஊற்றுகிறவர் என்ஜினைக் காப்பதாக எண்ணிச் சூடேற்றிக்கொண்டிருக்கிறார். ஆயில் விகிதத்தை மாற்றினால் ஜெட்டையும் பார்க்க வேண்டும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை உப்பவும் உதிரவும் வைக்கும். கார்புரேட்டரின் வாஷர்கள், பெட்ரோல் குழாய் எல்லாம் புதிய ரகத்துக்கு மாற வேண்டும். இந்த மாற்றத்தை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன், ஏனென்றால் அது வண்டியை ஓட வைக்கிறது.

எல்லா மாற்றத்தையும் ஏற்பதில்லை. நீளப் பயண ஷாக் அப்சர்பரை எல்சினோரில் பொருத்தினால் இன்னும் வேகமாக ஓடலாம் என்று கேட்கிறார்கள். ஓடலாம்தான். அமெரிக்காவின் பழைய வண்டிப் பந்தய அமைப்பான ஆர்மா, இந்தக் காலத்து வண்டிகளின் பிரிவில் முன்சக்கரப் பயணம் 7 அங்குலம், பின்சக்கரம் 4 அங்குலம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பில் ஞானம் இருக்கிறது. நான்கு அங்குலப் பயணத்தில் ஓட்டுகிறவர் முழங்காலையும் முதுகையும் கொண்டு மேட்டைத் தாங்க வேண்டும், தரையைப் பல கெஜம் முன்னாலேயே படிக்க வேண்டும். 1973இன் ஓட்டுநர்கள் அப்படித்தான் ஓட்டினார்கள். வண்டியை மாற்றிவிட்டால் அந்த ஓட்டும் கலை எங்கே என்று கேட்பவருக்குக் காட்ட ஒன்றுமே இருக்காது.

பெயின்ட் விஷயத்திலும் என் நிலை இதுதான். டேங்க்கில் அசல் பச்சைக் கோடு முக்கால் பங்கு மிஞ்சியிருந்தால் அதைத் தொடாதீர்கள். தொழிற்சாலையில் அடித்த கோட்டை ஒருமுறைதான் அழிக்க முடியும், திரும்பக் கொண்டுவர முடியாது. முழுவதும் போய்விட்ட டேங்க்குக்குப் புதிதாக அடிப்பது வேறு விஷயம். கழற்றிய பழைய பாகங்களை எடைக்குப் போடாமல் எந்த வண்டியிலிருந்து, எந்த அளவில் கழற்றியது என்று சீட்டுக் கட்டி வையுங்கள். அடுத்து அதே வண்டியைத் திறப்பவருக்கு அந்தச் சீட்டு பெரிய உதவி.

எல்லாம் கூட்டி முடித்த நாளில், முதல் உதைக்கு உயிர் வரும். வந்ததும் முறுக்காதீர்கள். சூடாக்கி, அணைத்து, முழுக்கக் குளிரவிட்டு, மறுபடி சூடாக்கி, இப்படிப் பலமுறை. பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றுக்கொன்று இடம் கொடுத்துப் பழக வேண்டும். பிறகு ஓட்டி, முழு வேகத்தில் கிளட்சை இழுத்து என்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். வெளுத்திருந்தால் மெயின் ஜெட் பெரிதாக வேண்டும், கரி ஏறியிருந்தால் சிறிதாக.

டூ-ஸ்ட்ரோக் என்ற இந்த இயந்திர வகைக்கு இனி எதிர்காலம் இல்லை என்று பலர் சொல்கிறார்கள். 1997இல் ஓட்டுநர் டக் ஹென்றி லாஸ் வேகாஸில் யமஹாவின் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் சூப்பர்கிராஸ் பந்தயத்தை வென்றார். மறு ஆண்டே அது கடைக்கு வந்தது. ஹோண்டா 2007ஆம் ஆண்டு மாடலோடு தன் சிஆர் டூ-ஸ்ட்ரோக் வரிசையை நிறுத்திக்கொண்டது. நம் நாட்டில் ஆர்எக்ஸ்100 உற்பத்தி 1996இல் நின்றது, அதே ஆண்டில் ஐடியல் ஜாவாவும் மூடப்பட்டது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் மிச்சத்தையும் முடித்தன. அந்த விதிகள் நியாயமானவை. நகரத்துக் காற்று எல்லோருக்கும் பொது. ஆனால் உற்பத்தி நின்றதோடு அறிவும் நிற்கத் தொடங்கிவிட்டது என்பதுதான் என் கவலை.

கிராங்க் நேர் பார்ப்பவர்களைப் பற்றிப் பிறகு பேசுவதாகச் சொன்னேன். எல்சினோரின் பட்டறைக் கையேடு அச்சில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு அளவையும் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் மதுரையிலோ ஈரோட்டிலோ நாற்பது ஆண்டு டூ-ஸ்ட்ரோக் கிராங்க் சேர்த்த ஒரு பெரியவர், எந்த வண்டிக்கு எவ்வளவு இடைவெளி வைத்தார், எந்தப் பிஸ்டனுக்கு எப்படி விளிம்பு மழுக்கினார், முள் எப்படி ஆடினால் எங்கே தட்டினார் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்களில் பலர் கடையை மூடிவிட்டார்கள். பிரஸ்ஸும் செம்புச் சுத்தியலும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. இங்கே இருக்கும் மாணவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த மாதமே ஒரு நோட்டும் டயல் கேஜும் எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். அவர் செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள், கேளுங்கள், அளந்து எழுதுங்கள், அவர் பெயரையும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். கல்லூரி அந்த நோட்டுகளை நூலகத்தில் வைக்க வேண்டும் என்று ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.